பின் சீட்டுக்கு அடியில்

செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே குவாட்டர்ஸில் என்னோடு வளர்ந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். அந்த வெள்ளை வேன் உங்களுக்கு நினைவிருக்கும். வாந்தி வேன் என்று பேர் வைத்தீர்கள். வாந்தி எடுத்தது நான். ஏன் எடுத்தேன் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எனக்கு எழுத்து அதிகம் வராது. எட்டாவதோடு நின்றுவிட்டது. வந்தவரை எழுதுகிறேன்.

போன மாதம் என் மகன் புதுக் கார் வாங்கினான். வாங்கிய வாரமே அதில் ஆம்ப்ளிபையர் வைக்க வேண்டும் என்றான். பாட்டுக்குப் பலம் கொடுக்கும் பெட்டி. குகட்பள்ளியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கடை. நானும் வருகிறேன் என்றேன்.

"நீங்க எதுக்கும்மா? அவங்க பாத்துக்குவாங்க."

"நானும் வரேன்."

கடையில் நாற்காலி போட்டார்கள். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன். காரைச் சுற்றினேன். மறுபடி உட்கார்ந்தேன். வேலை செய்கிறவர் நாற்பது வயதுக்காரர். பின்பக்கத்து டிக்கியைத் திறந்து, தரையில் பெட்டியை வைத்துப் பார்த்து, கையில் ட்ரில்லை எடுத்தார். நான் அவரிடம் கேட்டேன்.

"கீழ என்ன இருக்கு?"

"ஏம் லேது ஆண்ட்டி." ஒன்றும் இல்லை என்றார்.

"பாத்தீங்களா?"

அவர் மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தான். நான் சேலையைச் சொருகிக்கொண்டு தரையில் படுத்தேன். நாற்பத்தெட்டு வயதுப் பொம்பளை கடை வாசலில் மல்லாந்து காருக்கு அடியில் தலையை விட்டால் யார் சும்மா இருப்பார்கள். டீக்கடைக்காரர்கூட வந்து நின்றார். மகனுக்கு அவமானம். வண்டியில் ஏறியும் என்னோடு பேசவில்லை.

அவனிடம் சொல்லியிருக்கலாம். அவனுக்குச் சொன்னால் நீளமாக விளக்க வேண்டும். உங்களுக்கு அந்த வேனைத் தெரியும். அதனால் உங்களுக்கு.

*

அப்பா பட்டறையில் ட்ரெய்ன் லைட்டிங் ஃபிட்டர். ரயில் பெட்டிக்குள் விளக்கும் மின்விசிறியும் அவர் வேலை. பொன்மலையிலிருந்து மாற்றலாகி வந்தவர். அதிகம் பேச மாட்டார். வீட்டில் ஒரு கடிகாரம் மாட்டினாலும் அது ரயிலில் மாட்டுவதுபோல் இருக்கும். நாங்கள் குடியிருந்த வீட்டைக் காலி செய்தபோது அவர் முடுக்கிய அலமாரியைக் கழற்ற முடியாமல் விட்டுவிட்டுத்தான் வந்தோம்.

மாமா அம்மாவின் தம்பி. திருச்சியில் வேலை கிடைக்காமல் எங்கள் வீட்டுக்கு வந்தவர். வெளி வராந்தாவில் படுக்கை. அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அப்பா ஷிஃப்ட் முடிந்து வரும் சைக்கிள் சத்தம் கேட்டால் பீடியை அணைத்துவிடுவார்.

ஒரு கோடையில் மாமா பழைய வேன் ஒன்று வாங்கினார். முன் சீட்டுக்கு அடியில் எஞ்சின் இருக்கும் அந்தச் சின்ன வேன். குவாட்டர்ஸ் பிள்ளைகளை பேகம்பேட் பக்கம் இருந்த இங்கிலீஷ் ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டு, கூட்டி வர வேண்டும். எட்டுப் பிள்ளைகள். அதில் நானும் என் தம்பியும் இரண்டு. எனக்குப் பதினொன்று. தம்பி ஒன்றாவது.

அந்த ஸ்கூலில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். டீச்சர் கேட்டால் எனக்குத் தமிழில் பதில் வரும், பிறகு தெலுங்கில் வரும், இங்கிலீஷ் கடைசி வரை வராது. நிற்க வைப்பார்கள். ஜூன் மாதத்திலேயே மூன்று முறை வயிற்று வலி என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டேன். மூன்றாவது முறை அப்பா கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை. யூனிபார்மை எடுத்து என் மேல் போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து நான் சொல்லும் வலி எதற்கும் வீட்டில் மதிப்பில்லை.

இதை மறந்துவிடாதீர்கள். பின்னால் வரும்.

*

ஸ்கூலுக்கு இன்னொரு வேனும் போகும். அதில் பாட்டு போடுவார்கள். அது தெருமுனையில் திரும்பும்போதே நம் ஜன்னல் கண்ணாடி அதிரும். நம் மாமா வேனில் ஒரு டேப் ரெக்கார்டர், கொசு பாடுவதுபோல். நீங்கள்தான் மாமாவை அரித்தீர்கள்.

"மாமா, நம்ம வண்டில சவுண்டே இல்ல. அந்த வண்டிக்கே போறோம்."

"போங்கடா, போயி அவன் மடில உக்காருங்க. அவன் வண்டில பன்னெண்டு பேரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் இரண்டு வீட்டுக்காரர்கள் அந்த வேனில் இடம் இருக்கிறதா என்று நிஜமாகவே விசாரித்தார்கள். மாமா பயந்துவிட்டார். செகந்திராபாத்தில் ஒரு ரேடியோக் கடைக்காரரைப் பிடித்தார். கல்யாண ஊர்வல வண்டியிலிருந்து கழற்றிய ஆம்ப்ளிபையர் ஒன்று வந்தது.

கறுப்புப் பெட்டி. நல்ல கனம். மேலே சீப்பின் பல்போல் வரிவரியாக இரும்பு. சூடு வெளியேற அது. விரலை ஓட்டினால் கிர்ரென்று ஒரு சத்தம் வரும். தம்பி அன்று முழுவதும் அதை ஓட்டிக்கொண்டே இருந்தான். ஒரு மூலையில் மிளகளவு சிவப்பு விளக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆடி மாதம். பக்கத்து லைனில் போனாலு பண்டிகைக்கு, அம்மனுக்குச் சோறு படைக்கும் பானைகளுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்கள். வேப்பிலை வாசனை. மழை வருவதும் போவதுமாக. எங்கள் வீட்டு வாசலில் வேன். ரேடியோக் கடைக்காரர் ஸ்கூட்டரில் வந்தார். வெற்றிலை போட்ட வாய். எங்கே மாட்டுவது என்று பேச்சு ஆரம்பித்தது. பாதி லைன் கூடிவிட்டது.

முன் சீட்டுக்கு அடியில் என்றார் ஒருவர். அங்கே எஞ்சின் கொதிக்கும், இதுவும் கொதிக்கும், முடியாது என்றார் கடைக்காரர். முன்னால் கண்ணாடிக்குக் கீழே என்றார் மாமா. வெயில் நேரே விழும். கூரையில் ஃபேன்போல் தொங்கவிடலாம் என்றார் எதிர்வீட்டுக்காரர்.

அதுவரை அப்பா பேசவில்லை. பனியனோடு படியில் நின்றார்.

"பிள்ளைங்க தலைக்கு மேல கனம் வெக்கக் கூடாது" என்றார்.

"அப்ப எங்க மச்சான்?"

"பின் சீட்டுக்கு அடியில. தரையில."

சரியான இடம்தான். சீட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. காற்று போகும். யார் காலும் படாது. கடைக்காரரும் ஒப்புக்கொண்டார். ஒரு பலகையில் ஆம்ப்ளிபையரைத் திருகி, பலகையைத் தரையில் நாலு சின்ன ஸ்க்ரூவில் பிடித்துவிடலாம், ஒரு மணி நேர வேலை என்றார்.

"ஸ்க்ரூவா?" என்றார் அப்பா.

"ஹவ் சாப். காஃபி ஹை." போதும் என்றார்.

"அது வீட்டுக்கு. ஓடுற வண்டிக்கு போல்ட் போடணும். தரையைத் தாண்டிக் கீழ வரணும். வாஷர், நட்டு, அதுக்கு மேல ஒரு நட்டு. நட்டைத் தாண்டி நாலு சுத்து மரை நீட்டிக்கிட்டு இருக்கணும்."

"நக்கோ சாப், வேண்டாம். இது ரயில் இல்லை." கடைக்காரர் எச்சிலைத் துப்பிவிட்டு வந்தார். "பஹ்லே நீச்சே தேக்கோ."

முதலில் கீழே பாருங்கள் என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். அப்பா அதற்குள் வீட்டுக்குள் போய்விட்டார், கை ட்ரில் எடுக்க.

அப்பா வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பட்டறையில் ரயில் பெட்டிக்குக் கீழே பள்ளம் இருக்கும். அதில் இறங்கினால் நின்றுகொண்டே அடிப்பக்கத்தைப் பார்க்கலாம். இருபது வருடம் அப்படிப் பார்த்தவர். அடியில் எது எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கும் பழக்கமே அவருக்கு இல்லை.

*

அப்பா வேனுக்குள் மண்டியிட்டு ட்ரில்லைச் சுற்றினார். மாமா வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்தார். கீழிருந்து நட்டைப் பிடிக்க ஆள் வேண்டும். நான் பக்கவாட்டில் குந்தி, மூன்று பேட்டரி டார்ச்சை மாமாவுக்குக் காட்டினேன். ஈர மண்ணில் மாமாவின் சட்டை அப்பிக்கொண்டது. எனக்குக் கால் மரத்துப்போனது. டார்ச் ஆடியது.

"மூக்காயி, மூஞ்சில அடிக்காத. போல்ட்டைக் காட்டு."

என் மூக்கு நீளம். மாமா அப்படித்தான் கூப்பிடுவார்.

மூன்று போல்ட் முடிந்தது. நாலாவது போல்ட் கீழே வந்தபோது மாமா கையை நிறுத்தினார்.

"மச்சான்."

"என்ன?"

"இங்க ஒரு ரப்பர் குழாய் போகுது. போல்ட்டு அதுல முட்டுது."

மேலே அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"காத்துக் குழாய்தான். ஒதுக்கி விட்டுட்டு முடுக்கு."

ரயில் பெட்டிக்கு அடியில் போகும் ரப்பர் குழாய் பிரேக்குக்கு. அதில் காற்றுதான் இருக்கும். உரசிக் கிழிந்தாலும் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். அப்பாவுக்கு ரப்பர் குழாய் என்றால் அதுதான்.

மாமா டார்ச் வெளிச்சத்தில் அந்தக் குழாயையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். ஒரு கையால் குழாயை ஒதுக்கிப் பிடித்து நட்டை முடுக்கினார். கையை எடுத்ததும் குழாய் பழைய இடத்துக்கே வந்து மரையில் சாய்ந்தது. அதை நானும் பார்த்தேன். எனக்கு அது என்னவென்று தெரியாது. டார்ச்சை அணைக்கலாமா என்றுதான் கேட்டேன்.

மற்ற வேலையெல்லாம் அப்பா பழுதில்லாமல் செய்தார். அதையும் எழுத வேண்டும். பேட்டரிக்கு ஒரு சாண் தள்ளி ஃபியூஸ் வைத்தார். ஒயர் எங்கே அடிபட்டாலும் முதலில் ஃபியூஸ் போகும், தீப்பிடிக்காது என்றார். ஒயர் தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் தகரம் அறுக்கும் என்று, என் பழைய ஹவாய் செருப்பைக் கேட்டார். நீல வார், வெள்ளை அடி. அடியை வட்டமாக வெட்டி நடுவில் ஓட்டை போட்டு ஒயருக்கு வளையமாக மாட்டினார். ஒரு வாரம் நான் அம்மா செருப்பில் நடந்தேன்.

"நம்ம வண்டி ஓடுறதே இவ செருப்புலதான்" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தீர்கள்.

பாட்டு போட்டதும் வேன் குலுங்கியது. தம்பி குதித்தான். அந்த இன்னொரு வேனுக்குப் போகிறேன் என்று ஒருவரும் அதன் பிறகு சொல்லவில்லை.

*

எனக்குப் பின் சீட்டில் இடது ஓரம். தம்பி என் பக்கத்தில். ஆம்ப்ளிபையர் என் தொடைக்கு நேர் கீழே. மெட்டுகுடா தாண்டும்போதே சீட் சூடாகும். பாட்டின் அதிர்ச்சி முதுகெலும்பில் ஏறும். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. நகர்வேன். பையை மாற்றுவேன். ஜன்னலில் தலையை வைப்பேன். எடுப்பேன்.

மூன்றாவது வாரத்தில் வாசனை வந்தது. பெட்ரோல். முதலில் திருப்பத்தில் மட்டும். பிறகு பள்ளத்தில் இறங்கி ஏறினால். பிறகு எப்போதும். வேன் நின்றால் கூடும். என் பையில் அந்த வாசனை. சோற்று டப்பாவில். நோட்டுப் புத்தகத்தில் முகம் வைத்தால் அதில்.

மாமாவிடம் சொன்னேன்.

"வண்டின்னா பெட்ரோல் வாசனை வராம, மல்லிப்பூ வாசனையா வரும்?"

சிரித்தார். ஆனால் அன்று வண்டியை நிறுத்திவிட்டு ஒரு முறை குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். வண்டியைப் பூட்டினார்.

அம்மாவிடம் சொன்னேன். எலுமிச்சம்பழம் ஒன்று கொடுத்தாள். மோந்துகொண்டே போ என்றாள்.

சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன்.

"பின் சீட்டுக்கு அடியிலேர்ந்து வாசனை வருதுப்பா."

அப்பா சோற்றைப் பிசைந்தார்.

"எதுலேர்ந்து?"

"நீங்க போல்ட் போட்டீங்களே, அங்க."

அப்பா நிமிர்ந்தார். மாமா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முந்திக்கொண்டாள்.

"இவளுக்கு ஸ்கூலுக்குப் போகப் பிடிக்கல. அப்ப வயிறு. இப்ப மூக்கு."

"நான் முடுக்கின போல்ட்டு அது" என்றார் அப்பா. "ஆடாது."

ஆடுகிறது என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அது அப்படித்தான் கேட்டது. அதோடு பேச்சு முடிந்தது. அந்த நேரம் மாமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அவர் சாப்பிட்டது அப்பா வீட்டுச் சோறு.

இதற்கு நடுவில் ஃபியூஸ் போக ஆரம்பித்தது. நீங்கள் சத்தத்தைக் கூட்டச் சொல்வீர்கள். மாமா கூட்டுவார். டப்பென்று பாட்டு நின்றுவிடும். மாமா இறங்கிப் புது ஃபியூஸ் கம்பி சுற்றுவார். ஸ்கூலுக்கு நேரமாகும். நாலைந்து முறை ஆனதும் ஒருநாள் தடித்த செம்புக் கம்பியை எடுத்துச் சுற்றினார். அதன் பிறகு பாட்டு நிற்கவே இல்லை. உங்களுக்குச் சந்தோஷம்.

*

அன்று நல்ல மழை. பேகம்பேட் ரோட்டில் வண்டிகள் நகரவில்லை. ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. கண்ணாடியில் ஆவி. பாட்டு முழுச் சத்தத்தில். தம்பி ஆவியில் ரயில் வரைந்துகொண்டிருந்தான். பெட்ரோல் வாசனை தொண்டையில் இருந்தது.

அப்போது இன்னொரு வாசனை வந்தது.

எனக்கு அது உடனே தெரிந்தது. அந்தச் செருப்பு ஒருமுறை அடுப்போரம் கிடந்து கருகியிருக்கிறது. அதே வாசனை. குனிந்து பார்த்தேன். சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. ஒயர் தகரத்துக்குள் போகும் இடத்தில் என் செருப்பு வளையம் கறுத்துச் சுருங்கியிருந்தது. அதற்குக் கீழே போல்ட் ஓட்டையைச் சுற்றித் தரை ஈரம். வண்டிக்குள் மழை வரவில்லை.

அப்பா பட்டறைக் கதை எதுவும் சொன்னதில்லை. ஒன்றே ஒன்று சொல்லியிருக்கிறார். பெட்டியில் புகை வந்தால் முதலில் ஆளை இறக்கு, ஒயரை அப்புறம் பார்.

நான் ஆளை இறக்க வேண்டும். எட்டுப் பேர். நானும் சேர்த்து. வாசனை வருகிறது என்று இன்னொரு முறை சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மூக்காயி என்பார். நீங்கள் சிரிப்பீர்கள். பாட்டு ஓடும்.

விரலைத் தொண்டைக்குள் விட்டேன்.

முதல் முறை வரவில்லை. இன்னும் உள்ளே விட்டேன். வந்தது. காலையில் தின்ற இட்லி எல்லாம். என் மேல் விழாமல் வேண்டுமென்றே முன்பக்கம் திரும்பினேன். நடு சீட்டில் இருந்தவர்கள் முதுகில். அவர்கள் யார் என்று இதைப் படிக்கும் அவர்களுக்கே தெரியும். மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் முதுகுதான் வேண்டியிருந்தது.

"சீ சீ. மாமா, வண்டியை நிறுத்து. தூ."

கதவு திறந்தது. எல்லோரும் மழையில் குதித்தீர்கள். தம்பி மட்டும் இறங்கவில்லை. ஆவியில் அவன் ரயில் முடியவில்லை. அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துத் தள்ளினேன். முட்டி உரசி அழுதான்.

மாமா வந்தார். முகம் சிவந்திருந்தது.

"உனக்கு என்னடி கேடு? ஸ்கூலுக்குப் போகப் பிடிக்கலைன்னா அப்பன்கிட்ட சொல்லு. என் வண்டியை ஏன் நாறடிக்கிற?"

மாமா கழுவுவதற்காகப் பின் சீட்டைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

கொஞ்ச நேரம். பத்து எண்ணுகிற நேரம்கூட இருக்காது. பிறகு சீட்டைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். பாட்டை நிறுத்தினார். சாவியை எடுத்தார். ஸ்பேனரை எடுத்துப் பேட்டரி ஒயரைக் கழற்றினார். ஸ்பேனர் இரண்டு முறை வழுக்கியது.

"எல்லாரும் தள்ளிப் போங்க" என்றார். "இன்னும் தள்ளி. அந்தச் சுவரோரம்."

வாந்தி நாற்றத்துக்குத்தான் தள்ளி நிறுத்தினார் என்று நீங்கள் நினைத்தீர்கள். சுவரோரம் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துப் பாடினீர்கள். அந்தப் பாட்டு எனக்கு இப்போதும் தெரியும். எழுத மாட்டேன்.

நம்மை டவுன் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். ஸ்கூலில் என்னை வெளியே நிற்க வைத்தார்கள். ஈர யூனிபார்ம், நாற்றம். அன்று நிற்பது எனக்குக் கஷ்டமாக இல்லை. தம்பி வகுப்பு ஜன்னல் அங்கிருந்து தெரிந்தது.

*

சாயங்காலம் வேனைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்தார். சைக்கிளைச் சாய்த்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. டார்ச்சை எடுத்து என்னிடம் கொடுத்தார். காக்கிச் சட்டையோடு சேற்றில் படுத்து வேனுக்கு அடியில் போனார்.

நான் வெளிச்சம் காட்டினேன். நாலாவது போல்ட். அதன் மரையில் சாய்ந்த குழாய். குழாயில் கோடுபோல ஒரு வெட்டு. அதன் ஓரத்தில் ஒரு சொட்டு. விழுந்தது. இன்னொரு சொட்டு. அப்பா அதை விரலில் தொட்டு மூக்கில் வைத்தார்.

வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் இரண்டு முறை கூப்பிட்டேன். மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஸ்பேனர் சத்தம்.

வெளியே வந்தபோது வலது கை மூடியிருந்தது. அதைச் சட்டைப் பைக்குள் விட்டு எடுத்தார். லைன் ஆட்கள் கூடி நின்றார்கள். மற்ற ஆறு பிள்ளைகளின் அப்பன்மார்கள் எல்லோரும் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் பாதிக்கு மேல் இருந்தார்கள்.

"என்ன ஆச்சு?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

அப்பா ஃபியூஸைக் கழற்றி எல்லோருக்கும் காட்டினார்.

"கட்டைக் கம்பி" என்றார். "ஃபியூஸ்ல தடிச்ச செம்புக் கம்பியைச் சுத்தியிருக்கான்."

அதுவும் உண்மை. அந்தக் கம்பி இல்லாவிட்டால் செருப்பு கருகியிருக்காது. பாதி உண்மை. மற்றப் பாதி அவர் சட்டைப் பையில்.

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். பிள்ளைகள் போகிற வண்டியில் இப்படியா என்றார்கள். ஒருவர் கையை ஓங்கினார். மாமா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். நான் டார்ச்சோடு நின்றேன். மாமாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரே ஒரு வார்த்தை. குழாய். இருவரில் யாராவது சொல்லியிருக்கலாம்.

"என் தப்புதான்" என்றார் மாமா.

வேனை விற்றார். அந்த வாரமே ரயில் ஏறினார். எங்கள் டார்ச்சைத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டார் என்று அம்மா சொன்னாள். தெரியாமல் இல்லை. நான்தான் அவர் பைக்குள் வைத்தேன். எனக்கு அதைப் பிடிக்க வேண்டாமென்று இருந்தது.

வேன் இல்லாததால் எங்களைப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றினார்கள். தம்பி படித்தான். நான் எட்டாவதில் நின்றேன். அதற்கு வேன் காரணம் என்று சொல்ல மாட்டேன். அப்பா என்னிடம் அந்த நாளைப் பற்றிப் பேசவில்லை. என் மூக்கைப் பற்றியும் பேசவில்லை. வாந்திப் பொண்ணு என்று லைனில் கூப்பிட்டால் காது கேட்காதவர்போல் போவார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் நின்றிருக்கும். அதற்கு அந்தப் போல்ட்டை வெளியே எடுக்க வேண்டும்.

எனக்குக் கோபம் இருந்தது. இப்போது அளந்து பார்த்தால் அதிகம் இல்லை. எட்டுப் பேரும் உயிரோடு இருந்தோம். எனக்குப் பேரில் என்ன.

ஆனால் ஒன்று கவனித்தேன். அதன் பிறகு அப்பா எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் குனிவார். ஆட்டோவாக இருந்தாலும். டவுன் பஸ்ஸுக்கும். கண்டக்டர்கள் கத்துவார்கள். காசு விழுந்துவிட்டதா பெரியவரே என்பார்கள். பதில் சொல்லமாட்டார். பார்த்த பிறகுதான் ஏறுவார். அவருக்குக் கிறுக்கு என்று நீங்களே பேசியிருக்கிறீர்கள்.

*

எனக்குக் கல்யாணம் ஆனது பத்து வருடம் கழித்து. மாமா வந்திருந்தார். அந்த வேனுக்குப் பிறகு அன்றுதான் முதல் முறை. தலை நரைத்திருந்தது. அப்பாவும் அவரும் வாங்க, வந்தேன் என்பதற்கு மேல் பேசவில்லை.

காலை பத்து மணி. மண்டபத்து வாசலில் என்னையும் மாப்பிள்ளையையும் ஏற்றிப்போக கார் வந்தது. பூ வைத்த வாடகைக் கார். உள்ளே பாட்டு அதிர்ந்தது. பின்பக்கம் எங்கோ ஆம்ப்ளிபையர் வைத்திருந்தார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பட்டுச் சேலைக்குள் நெளிந்தேன். மூக்கு தானாகத் தேடியது.

கதவைத் திறந்தார்கள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

புது வேட்டி. பட்டு அங்கவஸ்திரம். அதை எடுத்துத் தம்பி தோளில் போட்டார். ரோட்டில் படுத்தார். காருக்கு அடியில் போனார்.

மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். அப்பாவின் கால் மட்டும் வெளியே தெரிந்தது. வெளியே வரவில்லை. அன்று போலவே.

மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். காருக்குப் பக்கத்தில் குந்தினார்.

"மச்சான். எந்திரிங்க. வண்டி வந்ததுமே நான் பாத்துட்டேன்."

 கீழேயிருந்து அப்பா குரல் வந்தது.

"குழாயைப் பாத்தியா?"

"பாத்தேன் மச்சான்."

"என்ன குழாய்?"

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பெட்ரோல் குழாய்தான். ஒண்ணும் உரசல."

அப்பா வெளியே வந்தார். வேட்டி முழுக்க ரோட்டு அழுக்கு. மாமா கை கொடுத்தார். அப்பா அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏதாவது வாசனை வருதா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப ஏறு" என்றார்.